தம்பையா குடும்பம், மூன்று பேர்

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமைதான் அரிசி போடுவார்கள். ஸ்டோர் வாசலில் குடும்பத் தலைவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். "தம்பையா குடும்பம், மூணு பேர்!" என்று குரல் வந்ததும் ஜெயலெட்சுமி சாக்கை நீட்டுவாள். எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்திலிருந்து சித்திரைவரை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்ததோ இரண்டே பேர், அவளும் எட்டு வயது மகளும். தம்பையா ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

கேட்டவர்களுக்கெல்லாம், "அவரு அண்ணனுக்கு மேலுக்கு முடியல, பாத்துக்கப் போயிருக்காரு" என்று சொல்லிவைத்திருந்தாள். நான்கு மாதமாகப் படுத்தே கிடக்கிற அண்ணன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மறைப்பதென்றால் சும்மாவா? மூன்று பேருக்கான அரிசிக் காசும் கோயில் வரியும் அவள் சம்பளத்தில் பிடிக்கப்பட்டன. முடிவெட்டுகிறவருக்காக ஆண்பிள்ளைத் தலைக்கு மாதாமாதம் பிடிக்கிற காசும் போயிற்று. ஹாலிஎலயில் வளர்கிற மயிருக்கு ஹல்துமுல்லையில் கூலி! நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஏன் என்று கேட்பார்களே. அவனுடைய அரிசிக் கூப்பன் புத்தகத்தைத் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். புத்தகம் இங்கே இருக்கும்போது சோறு தின்கிற மனிதன் எத்தனை நாள் அங்கே இருப்பான் என்பது அவள் எண்ணம். பாவம், பிடித்துக்கொள்ள அவளுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

சித்திரை முடிகிற நேரத்தில் பெரிய கிளாக்கர் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"தம்பையா பத்துச்சீட்டு கேட்டு ஆளனுப்பியிருக்கான். புதுத் தோட்டத்துல பேர் பதியணுமாம்."

தோட்டத்தைவிட்டு விலகுகிறவருக்குக் கொடுக்கிற சீட்டு அது. "குடுத்துருங்கய்யா" என்றாள்.

"புரியாமப் பேசாத. புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே சீட்டு எழுதுறதுதான் இங்க வழக்கம். அவன் பேரை வெட்டுனா உன் பேரும் போயிரும். மாசக்கடைசியில நீ குடியிருக்குற லயத்துக் காம்பராவ விடணும்."

"புள்ளய வச்சுக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?"

"பிரிஞ்சுட்டோம்னு ரெண்டு பேரும் பெரட்டுல சங்கத் தலைவர் முன்னால சொன்னா தனித்தனியா எழுதலாம். திங்கக்கிழமை அவன் வர்றான். நீயும் உன் வாயால சொல்லணும்."

வேலை, கூரை, மகளுக்கான அரிசி எல்லாம் ஒரே ஒரு வார்த்தையில் நின்றன. அந்த வார்த்தைக்குப் பயந்துதான் நான்கு மாதம் அவள் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். தம்பையா புதுச் சட்டையில் வந்திருந்தான். முடியை ஒழுங்காக வெட்டியிருந்தான். அங்கேயும் யாரோ காசு கட்டுகிறார்கள் போலும்.

சங்கத் தலைவர் கேட்டதும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, பிரிஞ்சுட்டோம். என் அரிசிப் புத்தகத்த மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்றான்.

"நீ சொல்லு தாயி."

ஜெயலெட்சுமி மடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தலைவர் மறுபடியும் கேட்டார். கிளாக்கர் பேனாவை மூடப் போனார். அதைப் பார்த்ததும் அவள் மடியிலிருந்து கூப்பன் புத்தகத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"ஆமாங்க. இவரு என்னைய விட்டுட்டுப் போயி நாலு மாசமாச்சு. அண்ணனுக்குச் சொகமில்லன்னு நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க. என் பேரை வெட்டாதீங்க. நான் இங்கதான் இருப்பேன்."

யாராவது சிரிப்பார்கள் என்று தலைகுனிந்து காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் காம்பரா பெரியாயி மெதுவாக அருகில் வந்தாள்.

"அந்த அண்ணன மாசி மாசமே அப்புத்தளை சந்தையில பாத்தேன்டி. கல்லு மாதிரி இருக்காரு."

"அப்ப ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீயா சொல்லாம நாங்க எப்பிடிக் கேக்குறது? லயமே வாய மூடிக்கிட்டு இருந்துச்சு."

நான்கு மாதமாக யாருக்கும் தெரியாமல் அடக்கிவைத்த அழுகையை அத்தனை பேர் முன்னாலும் அழுது தீர்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஸ்டோர் வாசலில் "தம்பையா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் நிறுத்திப் பெயர்ப் பதிவைப் பார்த்தார். பிறகு, "ஜெயலெட்சுமி குடும்பம், ரெண்டு பேர்!" என்று கூப்பிட்டார்.

ஒருவரும் முன்னால் வரவில்லை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஜெயலெட்சுமியும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நம்மளத்தான்."

"நான்தாங்க!" என்று சாக்கை நீட்டினாள். அந்தக் குரல் லயம்வரை கேட்டது.