வாசற்படிக்கு இந்தப் பக்கம்

பெட்டியின் ஒரு மூலை கதவு நிலையில் இடித்து நின்றுவிட்டது.

"சரிச்சுப் பிடியுங்கோடா. மனுசன் இப்பவும் வெளியால போகமாட்டன் எண்டுறார்," என்றார் பின்னால் தூக்கியவர். யாரும் சிரிக்கவில்லை. உண்மையாகவும் இருக்கலாம் என்று எல்லோருக்கும் பட்டது.

சுந்தரலிங்கம் கொழும்பு வெள்ளவத்தையில் அந்த வாடகை வீட்டை விட்டுப் போக மறுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர். வைத்தியர்கள் மூன்று முறை கைவிட்டார்கள். மூன்று முறையும் வீட்டுச் சொந்தக்காரர் ஒஸ்வால்ட் மாத்தயா மலர்வளையத்தோடு வந்தார். கடைசி முறை சுந்தரலிங்கம் படுக்கையை விட்டு எழும்பி, வளையத்தைத் தன் வளைந்த கைத்தடியால் கொளுவி வாங்கி, முன்னறை ஆணியில் மாட்டி, "கிடக்கட்டும் மாத்தயா, தேவைப்படேக்க சொல்லியனுப்புறன்," என்றாராம். அந்த வளையம் இன்றுவரை வாடவில்லை என்று ஒழுங்கையில் அதிசயமாகப் பேசிக்கொள்வார்கள். அது காகிதப்பூ என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

நேற்றுக் காலை அவர் சொல்லியனுப்பாமலே போய்விட்டார்.

வடக்கில் ஷெல் விழவிழ, வெள்ளவத்தையில் காணி விலை ஏறியது. ஓடிவந்த சனத்துக்கு அறை வேண்டும். வெளிநாட்டுக் காசுக்குக் கடல் தெரியும் மாடி வேண்டும். பழைய ஓட்டு வீடுகள் விழ, மாடிகள் எழும்பின. குடியிருப்பவரை எழுப்பக் கோர்ட்டுக்குப் போகவேண்டும். ஆளில்லாத வீட்டைப் பூட்ட ஒரு பூட்டுப் போதும். போன வருஷம் பக்கத்து வீட்டுக் கனகேஸ்வரி, தன் கதவைப் பூட்டிவிட்டு, புருஷனின் பெட்டிக்குப் பின்னால் சந்தி வரை அழுதுகொண்டு போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய பூட்டு நிலத்தில் கிடந்தது. கதவில் வீட்டுக்காரரின் புதுப் பூட்டு. எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுக்குக் கூரை இல்லை. இப்போது அந்த இடத்தில் தூண் இறக்கும் இயந்திரம் இடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இடிக்கும் சுந்தரலிங்கம் வீட்டுத் தரை உள்பக்கம் சரிகிறது. வாசலில் தவறவிட்ட தேசிக்காய் தானாகவே உருண்டு சமையலறைக்குப் போய்ச் சேரும்.

மகள் நாகேஸ்வரி டீச்சர் இதையெல்லாம் பார்த்தவள். அவளுடைய சம்பளத்துக்கு இந்த ஊரில் ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. தாய் எப்போதோ போய்விட்டாள். தம்பி கனடாவில், அகதி வழக்கோடு. அதனால் கிரியைகளை முற்றத்துப் பந்தலில் செய்யவிடாமல் முன்னறைக்குள்ளேயே செய்வித்தாள். ஐயர் புகையில் மந்திரத்தைவிட அதிகம் இருமினார்.

பெட்டி ஒருவாறு வெளியே வந்தது. கொள்ளிச்சட்டியோடு நின்ற சித்தப்பா மகன் சிவானந்தன் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, படலை மட்டும் வாங்கோ."

"நீ போ சிவா."

"நான் முடிச்சிட்டு அங்கயிருந்தே கொட்டாஞ்சேனைக்குப் போயிடுவன். இருட்டினால் செக்பொயின்ரில மறிச்சுப் போடுவான்கள்."

"ஓம். போ."

எதிர் மாடியில் அறை எடுத்திருக்கும் இரத்தினம்மா காதோரம் வந்தாள். "நான் உள்ளுக்கு நிக்கிறன் பிள்ளை, நீ போட்டு வா. என்ர பொலிஸ் பதிவுதான் அங்கால மாடி விலாசத்தில கிடக்கு. ஆமி ரவுண்டப் வந்தால் இந்த வீட்டில உனக்கென்ன வேலை எண்டு ட்ரக்கில ஏத்துவான்கள்..."

"வேண்டாம் அன்ரி. நீங்க போய் அழுங்கோ. என்ர பங்கையும் சேர்த்து."

ஒஸ்வால்ட் கழுத்தில் கறுப்பு ரை கட்டிப் படலையடியில் நின்றார். கண் துடைத்த கைலேஞ்சி உண்மையாகவே நனைந்திருந்தது. வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்த மனிதரல்லவா. காற்சட்டையின் வலது பை மட்டும் ஏதோ பாரத்தில் தொங்கியது.

"நாகேசு டீச்சர், கேட் மட்டும் சரி வாங்க. அப்பா திரும்பிப் பார்த்தா மகளைக் காணல்லியேன்னு நினைப்பாரு."

"நான் எங்க நிக்கிறன் எண்டு அவருக்குத் தெரியும் மாத்தயா."

பெண்கள் படலையடியில் விழுந்து அழுதார்கள். அவள் நிலையின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி, கொட்டிக் கிடந்த கட்டட மணல் குவியலுக்குப் பின்னால் மறைந்தது. அங்கிருந்து அவ்வளவுதான் தெரியும்.

எல்லோரும் தங்கள் தங்கள் வீடுகளுக்கு முழுகப் போய்விட்டார்கள். இந்த வீட்டின் குழாயும் குளியலறையும் முற்றத்தின் அந்தக் கரையில் இருந்தன. நேற்றிலிருந்து அவள் வாயில் ஒன்றும் படவில்லை. முழுகாமல் படவும் கூடாது. ஒஸ்வால்ட் பந்தல்காரனின் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அதை அவள் இன்னும் நினைக்கவில்லை. ஒஸ்வால்ட் நினைத்துவிட்டார்.

வெயில் சாய்ந்தது. அவர் எழும்பிக் குழாயைத் திறந்தார்.

"முழுகாம தண்ணிகூடக் குடிக்கமாட்டீங்கதானே டீச்சர். உங்கட பழக்கம் எனக்குத் தெரியும்."

நிறைந்த வாளியைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார். கிட்டவுமில்லை, தூரவுமில்லை.

"இவ்வளவுதான் எனக்கு ஏலும். முழங்கால் வருத்தம்."

திரும்பிப் போய் உட்கார்ந்து, வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அவள் ஒரு கையால் நிலையைப் பிடித்து மறுகையை நீட்டினாள். விரலுக்கும் வாளிக்கும் நடுவே ஒரு முழம். பக்கத்தில் இயந்திரம் இடித்தது. வாளித் தண்ணீரில் வட்டங்கள் விரிந்து அடங்கின. மறுபடி இடித்தது.

அவள் கதவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். அப்பாவின் கைத்தடி அங்கேதான் சாத்திக் கிடந்தது. வளைந்த பிடியை வாளிக் கம்பியில் கொளுவி இழுத்தாள். பாதித் தண்ணீர் வாசற்படியில் ஊற்றிப் போனது. ஒஸ்வால்டின் கை பையிலிருந்து வெளியே வந்தது. வெறுங்கை.

படிக்கு உள்ளே கால் மடக்கிச் சப்பாணி கட்டி இருந்து, மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். அது வெளியே ஓடவில்லை. சரிந்த தரையில் மெதுவாக உள்ளே நகர்ந்து, பெட்டி இருந்த இடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கின் அடியைச் சுற்றிப் போய், அங்கே சற்றே தேங்கி நின்றது.