ரொட்டியைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை

நான்கு ஆண்டுகளில் அவள் ஐந்து டாக்டர்களைப் பார்த்துவிட்டாள். முதலாமவர் வாயு என்றார். இரண்டாமவர் குடல்புண் என்று சந்தேகப்பட்டு, பிறகு அதுவும் இல்லை என்றார். மூன்றாமவர் கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். நான்காமவர் எலும்புக்காரர், முழங்கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, வயிற்றுக்காரரிடம் போகச் சொன்னார். ஐந்தாமவர் அவளுடைய மருத்துவ ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. எல்லாம் மனசுதான்."

ஒன்றுமில்லை என்று கேட்டால் மனிதர்கள் நிம்மதியடைவார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மதியமானால் வயிறு கல்லாய் உப்பும். விரல் கணுக்கள் வலிக்கும். அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. விரல் மடங்காத நாட்களில் லென்ஸ் நழுவி விழும். "உனக்கு வாரத்துல எத்தனை நாள்தான் வயித்துவலி?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்பார். அவள் தலை குனிந்துகொள்வாள்.

ஆறாவது டாக்டர் ஒரு பெண். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. மூன்று வாரத்துக்குச் சாப்பிடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார்.

"இவங்களும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா இதோட விட்டுடுறேன்ணா" என்று அண்ணனிடம் சொன்னாள். "அப்புறம் வலிக்குதுன்னு வாயத் திறக்க மாட்டேன்."

"நீ வாயத் திறக்காம இருந்துட்டாலும்!" என்றான் அண்ணன். ஆனாலும் நோட்டைக் காட்டப் போன அன்று கடையை அண்ணியிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தான்.

கடை என்றால் ரொட்டிக்கடை. அப்பா தொடங்கியது. முன்பக்கம் கடை, நடுவில் அடுப்பு, பின்பக்கம் வீடு. சமையலறையில் மூடி போட்ட பெரிய தகர டின் ஒன்று இருக்கும். விற்காத ரொட்டியெல்லாம் அதில்தான். போகும்போது ஒரு துண்டு, வரும்போது ஒரு துண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா கேட்பாள்.

"சாப்பிட்டியாடி?"

"இல்லம்மா, ரொட்டிதான்."

"அப்ப கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

அந்த வீட்டில் ரொட்டியைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. தண்ணீர் குடித்ததை யாராவது சாப்பாடு என்பார்களா, அப்படி.

சின்ன வயதிலும் அவளுக்கு வயிறு வலிக்கும். சொல்லப்போனால் அவை நல்ல நாட்கள். பள்ளிக்கூடம் கிடையாது. அடுப்பின் பின்சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும்; அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள். வயிறு உப்பியிருப்பதைப் பார்த்து அப்பா, "என் பன்னு எழும்பிடுச்சே!" என்பார். அதுவே அவளுக்குப் பெயராகி நிலைத்தது. மாவுக் கையைத் துடைத்துவிட்டு, முந்தின நாள் ரொட்டியின் ஓரத்தை அறுத்து, மொறுமொறுவென்று வாட்டித் தருவார். "வேற எதுவும் வேணாம். வயித்தைச் சும்மா விடு. இதை மட்டும் மெல்லு." அவள் மென்றுகொண்டிருக்க, அப்பா மாவைப் பலகையில் ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். அவர் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் வயிறு வலித்தால் அவள் வேறு எதையும் தொடுவதில்லை. ரொட்டியின் ஓரத்தை வாட்டி மெல்லுவாள்.

டாக்டர் நோட்டை நிதானமாகப் படித்தார்.

"பன்னிரண்டாம் தேதி எப்படி இருந்துது?"

"ரொம்ப வலி. வேலைக்கே போகல."

"அன்னிக்குச் சாப்பாடு 'ஒன்றுமில்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா டாக்டர். வயிறு சரியில்ல, அதான் ஒண்ணும் சாப்பிடல."

"பதிமூணும் ஒண்ணுமில்ல. பதினாலும் ஒண்ணுமில்ல. வலி மட்டும் நாளுக்கு நாள் ஏறியிருக்கு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு நாள் முழுப் பட்டினியா?"

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தங்கை பொய் சொல்கிறாள் என்று இந்த டாக்டரும் நினைத்துவிடக் கூடாது.

"சத்தியமா டாக்டர், பச்சத்தண்ணி பல்லுல படல. நான் பக்கத்துலயே இருந்தேன். நாலு துண்டு ரொட்டிய மென்னுகிட்டே மூணு நாளையும் ஓட்டிட்டா."

டாக்டர் நிமிர்ந்தார். "ரொட்டி சாப்பிட்டாங்களா?"

"இல்ல, சாப்பிடல. ரொட்டி மட்டும்தான்" என்றாள் அவள்.

"அதைத்தான் கேக்குறேன். ரொட்டி சாப்பிட்டீங்களா, இல்லையா?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்த மூணு வாரத்துல ரொட்டிங்கிற வார்த்தையே இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை துண்டு?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். காலையில் கிளம்பும்போது இரண்டு. கண்ணாடிக் கடையில் பத்து மணிக்கு ஒன்று. ஒரு கை விரல்கள் தீர்ந்து மறு கைக்குப் போனாள். முகம் சூடாகிவிட்டது.

சிலருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, என்றார் டாக்டர். வெறும் அஜீரணம் இல்லை. கோதுமை உள்ளே போனால் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்து அரிக்கும், மூட்டிலும் வலிக்கும். ரத்தத்தில் பார்க்கலாம். இரண்டு வாரம் கழித்துக் குழாய் விட்டுக் குடலிலும் பார்க்கலாம்.

"அப்ப இன்னியோட நிறுத்திடட்டுமா?"

"நிறுத்திடாதீங்க. நிறுத்தினா குடல் ஆறத் தொடங்கிடும், சோதனையில தெரியாது. அதுவரைக்கும் எப்பவும்போல சாப்பிடுங்க."

பேருந்தில் அண்ணன் உர்ரென்று வந்தான். "ஊருக்கே ரொட்டி போட்டோம். எவனுக்கும் ஒண்ணும் ஆகல. பெத்த மகளுக்கு மட்டும் ஆகுமா?"

முடிவு 'இருக்கிறது' என்று வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அப்படி வந்தால் ரொட்டி போய்விடும். வராவிட்டால், வலி அவள் மனதில்தான் என்று ஆகிவிடும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

அந்த இரண்டு வாரமும் அண்ணன் விதவிதமாகச் சுட்டுக் கொடுத்தான். எள் தூவியது, பாலில் பிசைந்தது, அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் நீள ரொட்டி. கோபம் போய்விட்டதா, அதுதான் கோபமா என்று தெரியவில்லை. கடைசி ஞாயிறன்று அவளே அடுப்பறைக்குப் போனாள். பின்சுவரில் சாய்ந்து ஒரு முழு ரொட்டியைத் தனியாகத் தின்றாள். ஓரத்தை முதலில் தின்றுவிட்டு, நடுப்பகுதியைப் பிய்த்து முகர்ந்து பார்த்தாள். வெந்த மாவின் வாசனையில் அப்பாவின் சட்டை இருந்தது. மாலையில் வலி வந்தது. முதன்முறையாக, அது ஏன் வருகிறது என்று தெரிந்து படுத்திருந்தாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இருக்கு. ரத்தத்துலயும் இருக்கு, குடல்லயும் இருக்கு."

"ரொம்ப நன்றி டாக்டர்" என்றாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

"வியாதி இருக்குங்கிறாங்க, இவ பல்லக் காட்டுறா" என்றான் அண்ணன். அவன் குரலும் சரியில்லை.

இனி ஆயுசுக்கும் கோதுமை கூடாது என்றார் டாக்டர். எழும்போது, "இது குடும்பத்துல வரும். கூடப் பொறந்தவங்களும் பாத்துக்கறது நல்லது" என்றார்.

நடைக்கூடத்தில் அண்ணன் சட்டென்று நின்றான்.

"அப்பா மத்தியானம் மாவு மூட்டை மேல படுப்பாரே, பெல்ட்டத் தளத்திட்டு, காலை மடக்கிக்கிட்டு? விடியறதுக்குள்ள எழுந்து வேலை செய்யறவரு, அசதின்னு நினைச்சோம்."

"ம்."

"நானும் படுக்கறேன்ல?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "தினமுமா?"

"தினமும்தான். சாப்பிட்டா வயிறு இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் சுருண்டு படுத்தா விட்டுடும்." அவளுடைய பார்வை பிடிபடாமல் அவன் விழித்தான். "ஏன், எல்லாருக்கும் அப்படித்தானே?"

அவள் அவன் கையைப் பிடித்து, ரத்தம் எடுக்கும் அறைக்கு முன்னால் இருந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.