புதுமடம் போகிற வழியில் குளிர்

குருநாதனுக்கும் முருகலட்சுமிக்கும் கார்த்திகையில் கல்யாணம் நடந்தது. இருவருக்குமே அது இரண்டாவது கல்யாணம். அவர் அபிராமத்துக்குப் பக்கத்தில் நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி. மனைவி இறந்தபின் மகளை வளர்ப்பதிலேயே காலம் போய்விட்டது. மதுரையில் நர்ஸ் வேலை கிடைத்துப் போன அந்த மகள் ஜோதிகாதான், "அய்யா, நீங்க ஒத்தையில கெடந்து கஞ்சி காச்சிக் குடிக்கிறது எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிச் சொல்லியே அவரைச் சம்மதிக்க வைத்தாள். முருகலட்சுமி பரமக்குடியில் அண்ணன் வீட்டில் இருந்து துணி தைத்துக்கொண்டிருந்தவள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள்.

மார்கழி பிறந்தும் இருவருக்கும் கூச்சம் போகவில்லை. சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. ஆனால் அவர் அவளை 'நீ' என்றும் கூப்பிடவில்லை, 'நீங்க' என்றும் கூப்பிடவில்லை. "சாப்டாச்சா?", "கதவச் சாத்தணுமே" என்று ஆளைத் தொடாத பேச்சாகவே பேசிச் சமாளித்தார். அவளும் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அப்போதுதான் புதுமடத்திலிருந்து சாலிஹா போன் செய்தாள். பரமக்குடியில் முருகலட்சுமியோடு பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தையல் படித்தவள் அவள்.

"ருக்ஸானாவுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன், லட்சுமி. மக கல்யாணத்துக்கு நீ ஒத்தையா வந்தின்னா வாசல்லயே நிப்பாட்டிருவேன். ஒன் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா."

காலையிலேயே நிக்காஹ் என்பதால் விடியும் முன்பே ஸ்கூட்டரில் கிளம்ப வேண்டியிருந்தது. குருநாதன் பழைய பேப்பரை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது குளிருக்கு அவர் செய்வது அதுதான். அவளுக்கும் ஒரு தாளை நீட்டினார். சேலைக்காரி அதை எங்கே வைத்துக்கொள்வாள் என்று பிறகுதான் உறைத்தது போல. அதை மடக்கிக் கட்டிலில் போட்டுவிட்டார். முருகலட்சுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பட்டுச்சேலைக்கு மேல் ஒரு பெரிய துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

மணமக்களுக்கு வாங்கிய ஹாட்பாக்ஸ் பெட்டியை அவர் சீட்டில் தனக்குப் பின்னால் வைத்தார். அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கடைசி நுனியில் உட்கார்ந்தாள். முன்னால் கால் வைக்கும் இடத்தில் அந்தப் பெட்டி தாராளமாக நிற்கும். இருவருக்கும் அது தெரியும்.

கண்மாய்க்கரையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. பெட்டிக்கும் அவளுக்கும் நடுவில் நுழைந்த காற்று வயிற்றில் அறைந்தது. ராமநாதபுரம் தாண்டியதும் கடல்காற்றும் சேர்ந்துகொள்ள, அவளுக்குப் பல் கிட்டித்துப்போனது. சீட்டு நடுங்குவதைக் குருநாதன் உணர்ந்தார். உச்சிப்புளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் விளக்கைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தாடைக்குக் கீழே வாரைத் தடவிக்கொண்டே நின்றார். டீ போடுகிறவர் இரண்டு கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"இங்கன திரும்புங்க" என்றாள் முருகலட்சுமி.

தன் விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு, அவர் நாடியை லேசாக நிமிர்த்தி வாரை அவிழ்த்தாள். அன்று காலை சவரம் செய்த முகம். அவசரத்தில் காதோரம் கொஞ்சம் முடி விட்டுப்போயிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. டீ கிளாஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். அது நழுவப் பார்க்கவே, தன் இரண்டு கையையும் அவர் கைக்கு மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லாட்டம் இருக்கு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"என்னன்னு சொல்ல?"

"குளுருதுன்னு."

"நீ மட்டும் சொன்னியாக்கும்" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் 'நீ' என்று வந்துவிட்டது தெரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. டீயில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கிளம்பும்போது அவளே பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்தாள்.

"காலு வைக்க எடம் இருக்கா?"

"இருக்கு."

"வீட்டுலருந்து கெளம்பயிலயும் இருந்துச்சு."

"இருந்துச்சுதான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். "ஒனக்குச் சங்கடமா இருக்குமோன்னு நெனச்சேன்."

"நான் ஒங்களுக்குச் சங்கடம்னு நெனச்சேன்."

அவள் நெருங்கி உட்கார்ந்து, துண்டை அவர் நெஞ்சைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி போகப்போக அவர் முதுகின் சூடு மெல்ல அவள் கைகளுக்கும் கழுத்துக்கும் ஏறியது. நடுக்கம் நின்றது. கருவேலங்காட்டுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. "இப்பத் தேவலையா?" என்று அவர் கேட்டார். "தேவல" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் மறுபடியும் அதையே கேட்டார். அவளும் மறுபடியும் சொன்னாள்.

புதுமடத்தில் சாலிஹா வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என்ன புள்ள, பனியில வந்தவ மாரியா இருக்க? மொகமெல்லாம் செவந்து கெடக்கு" என்று காதில் சொல்லிவிட்டு, குருநாதனைப் பார்த்து, "வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றாள். நிக்காஹ் முடிந்து பிரியாணி சாப்பிட்டார்கள். ஆண்கள் பந்தியில் மீன்பிடிக்கிற ஒருவரோடு அவர் மழையைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

திரும்பும்போது நல்ல வெயில். துண்டு பைக்குள் போய்விட்டது. ஆனாலும் அவள் நெருங்கியேதான் உட்கார்ந்திருந்தாள். ராமநாதபுரம் சிக்னலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து நாலு பேர் பார்த்தார்கள்.

"வெயிலு அடிக்குது" என்றார் குருநாதன்.

"அடிக்கட்டும்."

பரமக்குடி வந்ததும் வண்டியை ஓரங்கட்டினார். "அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டுப் போவமா? பாத்து நாளாச்சுல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இன்னொரு நாளைக்கு வருவோம். பொழுது சாயுறதுக்குள்ள நம்ம வீட்டுக்குப் போயிரலாம். ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"சரி, லட்சுமி" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை அபிராமம் ரோட்டில் திருப்பினார்.