ஐந்து நிமிட எக்ஸ்போஷர்

மனைவியின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. மங்கலானவை முதலில் போயின. பளிச்சென்று இருப்பவை மட்டும், அதுவும் நேருக்கு நேராக வைத்தால், இன்னும் தெரிந்தன. ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்றார் கண் டாக்டர்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் கணவர் தொலைநோக்கியில் காட்டிய ஓரியன் நெபுலா என்ற ஒளிமேகம். அதன் நடுவில் நெருங்கி நின்ற நான்கு பொடி நட்சத்திரங்கள்.

"படமா எடுத்துக் குடுங்க. கம்ப்யூட்டர்ல பெருசா வச்சுப் பார்த்துக்கறேன்."

நில அளவையாளரான அவருக்கு அரைகுறை வேலை பிடிக்காது. மொட்டைமாடியில் கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம் ஒளி விழும்படி எக்ஸ்போஷர் வைத்தார். அப்போதுதான் நெபுலாவைச் சுற்றிய மெல்லிய தூசிப்படலம் பதியும். அதில் நடுப்பகுதி வெளிச்சம் மிகுந்து எரிந்து வெளுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குத் தனியாகப் பத்து விநாடிப் படங்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

"அதை முதல்ல எடுத்துடுங்களேன்."

"அது அரைமணி நேர வேலைடி. எப்ப வேணா எடுக்கலாம். தூசிக்குத்தான் ராத்திரி பத்தல."

"ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் அங்குலமா அளக்கறவரு. பொண்டாட்டி கேட்டதுக்கு மட்டும் அளவு தெரியாது."

இரண்டு மாதம் தூசிக்கே போயிற்று. பிறகு மேகம் மூடி ஒரு மாதம் விலகவே இல்லை. விலகியபோது ஓரியன் சூரியனோடு சேர்ந்தே மறையத் தொடங்கியிருந்தது.

இன்று காலை, கையில் இருந்ததை வைத்துப் படத்தை முடித்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு திரையில் முட்ட உட்கார்ந்தாள்.

"என்னங்க இது, நடுவுல ட்யூப்லைட்டைப் போட்டு வச்சிருக்கீங்க?"

"சுத்திப் பாரு. செவப்பா, பழுப்பா, றெக்கை விரிச்ச மாதிரி..."

"சுத்தி எல்லாம் இருட்டுதான். என் நாலு பேரு எங்க?"

அவர் நடுப்பகுதியின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தார். வெள்ளை சாம்பல் நிறமாயிற்று. அதற்குள் ஒன்றுமே இல்லை. அவராகவே நான்கு புள்ளிகளை வைத்துவிட்டால் அவளுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. மவுஸை அங்கே கொண்டுபோனார். கை வரவில்லை.

"எரிஞ்சுபோச்சும்மா. நான்தான் தள்ளிப் போட்டுட்டேன்." "நாலஞ்சு மாசத்துல ஓரியன் திரும்ப வந்துரும்."

"அது வரும்."

அவள் முகத்தைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"சரி, கொறைச்சதை மறுபடி ஏத்துங்க," என்றாள். "அந்த வெள்ளையாவது தெரிஞ்சுது."

அவர் ஏற்றினார்.