நடுத்துண்டு

வாய்க்கரிசியை இன்னொரு தரம் போடச் சொன்னான் வீடியோ எடுப்பவன்.

“அண்ணே, கை மறைச்சிருச்சு. முகத்த இங்கிட்டுத் திருப்பி, மெதுவாப் போடுங்க.”

கர்ணன் சலித்துக்கொள்ளவில்லை. அம்மாவின் உதட்டில் ஒட்டியிருந்த அரிசியைச் சுண்டுவிரலால் தட்டிவிட்டுப் புதுப்பிடி அள்ளினான். கண்ணீர் வரட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தான். வராததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போட்டான். ராஜமணியின் வாய் நிறைந்து, அரிசி கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. பக்கத்தில் நின்ற தங்கை தேவயானி அதை முந்தானையால் துடைத்தெடுத்தாள்.

அம்மாவின் ஊரான மார்க்கையன்கோட்டை முக்கில் விடியுமுன்பே பிளக்ஸ் கட்டியாகிவிட்டது. ‘பசித்திருந்து எங்களைப் பசியாற்றிய தெய்வமே!’ அதில் அம்மா படம் உள்ளங்கை அளவு. கும்பிட்டபடி நிற்கும் கர்ணன் ஆள் உயரம். தேனியில் அவன் வகிக்கும் மனை விற்போர் சங்கப் பொருளாளர் பதவி, அம்மா செத்த தேதியைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

“கடைசி வரைக்கும் வயித்தக் காயப்போட்டே இருந்தாக மாமா,” என்று மாலையோடு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னான். “தனியா, ஒத்தச் சட்டியில ஒல வச்சுக் குடிச்சாக. நெனச்சா நெஞ்ச அடைக்குது.”

உயிரோடு இருந்தவரை ‘கெழவி’ என்றவனுக்கு நேற்று மதியத்திலிருந்துதான் இந்த மரியாதை ‘ஆக’ எல்லாம் வாயில் வருகிறது. அதே வாயில் சால்னா வாடை. பொழுது விடிந்ததும் காருக்குள் உட்கார்ந்து புரோட்டா தின்றிருந்தான். துக்கத்துக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டையில் எண்ணெய்ச் சொட்டு மஞ்சளாய்ப் பரவியிருந்தது.

ஒத்தச் சட்டி என்னவோ நிசம்தான். அப்பா இருந்தவரை மீன்குழம்பில் நடுத்துண்டு அவருக்கும் கர்ணனுக்கும். அம்மாவுக்கு வால், அதுவும் மிஞ்சினால். அப்பா போனபின் நாலு மாதம் தேனியில் மகன் வீட்டில் இருந்தாள். எல்லாரும் தின்று எழுந்தபிறகு அடுப்படியில் நின்றபடியே சட்டியை வழித்தாள். அஞ்சாவது மாதம் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் பஸ் ஏறினாள். வந்த வாரமே சின்னமனூர்ச் சந்தையில் கையடக்கமாய் ஒரு மண்சட்டி வாங்கினாள். அப்புறம் மூணு வருசம், ஒரு முட்டைப் பொரியல் என்றாலும் இலை அறுத்துப்போட்டு, சம்மணங்கூட்டி உட்கார்ந்துதான் சாப்பாடு.

“ஒருத்திக்கு எதுக்கும்மா இம்புட்டுச் சோடனை?” என்று தேவயானி ஒருநாள் கேட்டாள்.

“அந்த ஒருத்திக்கு வாயில்லியாடி?”

நேற்றும் இலையைக் கழுவிப் போட்டுவிட்டுத் தண்ணீர் மோக்கப் போனவள்தான். பானைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள்.

ஆம்பளைகள் வெடி போட்டுக்கொண்டு தேரோடு சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். கர்ணன் பெண்டாட்டி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

“தேவயானி, அடுப்படியில என்னமோ ஆக்குனது கெடக்காம். எழவு விழுந்த வீட்டுச் சோறு ஆகாது. சாக்கடையில கொட்டிட்டுச் சட்டிய ஒடச்சுப்போடு ஆத்தா.”

“சரி மதினி.”

சோறு நொசநொசத்துப் புளித்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க் கொட்டினாள். சாக்கடையில் சால்னாப் பொட்டலங்களும் மென்று துப்பிய எலும்பும் மிதந்தன. ஈ மொய்த்தது. அதிலேயே ஒரு ரோசாமாலையும் கிடந்தது.

திரும்பி வந்து மண்சட்டியைத் திறந்தாள். புளியும் சீரகமுமாய் மணம் எழுந்தது. அணைக்கட்டு மீன், ஜிலேபிக் கெண்டை. தலை இல்லை, வால் இல்லை. நடுத்துண்டு ரெண்டு.

கட்டிக்கொடுத்துப் பதினாலு வருசம். அவள் வீட்டிலும் அவளுக்கு வால்தான்.

அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினாள். சுருண்டு கிடந்த இலையை நீவிவிட்டுத் தண்ணீர் தெளித்தாள். சம்மணங்கூட்டி உட்கார்ந்தாள்.

“சட்டிய ஒடச்சாச்சா?” வெளியிலிருந்து மதினி கத்தினாள். “கேக்குதா இல்லியா? குளிக்கணும்ல, வெரசா வா!”

வாய் நிறைய மீன் இருந்தது. உப்பு சரியாக இருந்தது. நடுமுள்ளை உடையாமல் உருவி இலையோரம் வைத்துவிட்டு, தேவயானி ரெண்டாவது துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.