தேதி ஒட்டிய ஃப்ளெக்ஸ்

என் வீட்டுக்காரர் இறந்துவிட்ட செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் எதிர்வீட்டு ஹாஃபிஸா. அப்போது அவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, அரை இட்லியைத் தின்ன முடியாமல் தின்றுகொண்டிருந்தார்.

“எப்பக்கா போனாரு சாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று போனில் அழுதாள்.

“யாருடி போனது? வாயைக் கழுவு” என்று கத்த ஆரம்பித்தவள், அவர் காதில் விழுந்துவிடுமே என்று வராந்தாவுக்கு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் அவர் படத்தைப் போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்களாம். ஊரே நின்று பார்க்கிறதாம்.

அன்று காலையில்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார். நான் அவரிடம், “கட்டி கரைஞ்சிருச்சாம். மிச்சத்தை மாத்திரையிலயே பாத்துக்கலாமாம்” என்று சொல்லிவைத்தேன். பொய் சொல்லும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற மனிதர், “அப்படியா, நல்லது” என்று தலையாட்டினார். சாகப்போவது தெரியாமலே அவர் போய்ச் சேர வேண்டும். எனக்கு அப்போது வேறு எந்த ஆசையும் இல்லை.

அதற்குள் ஊரில் என் தம்பி ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தான். சாரைப் பார்க்க வருகிறவர்கள் வெயிலில் நிற்க வேண்டாமே என்று வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு, நாற்காலியும் இறக்கிவிட்டான். எங்கள் ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பைக்கில் போன நௌஷாத் அதைப் பார்த்திருக்கிறான். இவரிடம் படித்தவன், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். இறங்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தியைப் போட்டுவிட்டு, அழுதுகொண்டே கடைக்கு ஓடி அச்சடித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் ஒப்பாரிக்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடுகிறது.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தியாகராசன் சார் என்றால் அந்தப் பையன்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே உள்ள தார்ச்சாலையில்தான் அறுப்பு முடிந்ததும் எல்லாரும் நெல் காயவைப்பார்கள். வானம் கறுத்தால் போதும், இவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். “பாடம் நனையாதுடா, நெல்லுதான் நனையும். ஓடுங்க!” என்பார். வகுப்பு முழுக்க ஓடிப்போய் நெல்லைக் குவித்து, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு ஈரத்தோடு வந்து உட்காரும். வந்த தலைமையாசிரியர்கள் எல்லாரும் இதற்காக இவரோடு சண்டை போட்டார்கள். விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் எங்கள் வீட்டில் நடத்துவார். அத்தனை பேருக்கும் காப்பி போடுவது யார்? நான்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் என் வாசலில் சின்னச் செருப்புகள் கிடக்காத நாள் அபூர்வம். புருஷனோடு தனியாக ஒரு வாய் காப்பி குடிக்க முடியவில்லையே என்று நான் எரிந்து விழாத நாளும் அபூர்வம்.

வராந்தாவில் நின்று நௌஷாத்துக்குப் போன் போட்டேன்.

“உசுரோட இருக்குற மனுசனுக்கு அஞ்சலியாடா வைக்கிற? உன்னைப் படிக்க வச்சாரு பாரு, அவரைச் சொல்லணும்!”

“அம்மா, சாரு இருக்காரா? நெசமாவா? இருக்காராம்மா?” என்று தேம்பினான். திட்டுவதற்கு நாக்கு எழவில்லை.

“நாங்க வர்றதுக்குள்ள அதைக் கழட்டிரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரியவும் கூடாது” என்றேன். தம்பியிடம் சொல்லி ஷாமியானாவையும் பிரிக்கவைத்தேன். திரும்பி உள்ளே போனபோது அவர் தட்டைத் தள்ளிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஸ்கோர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸில் எங்களோடு இளஞ்செழியன் வந்தான். அவனும் இவரிடம் படித்தவன்தான். இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா போட்டிருந்தான். ஊர் நெருங்கியதும் டிரைவரிடம் ஆற்றங்கரைச் சாலையில் திருப்பச் சொன்னேன். ஃப்ளெக்ஸைக் கழற்றினார்களோ இல்லையோ, யார் கண்டது?

“ஏன் ஈஸ்வரி சுத்திக்கிட்டுப் போறோம்? பஸ் ஸ்டாண்டு வழியாவே போகலாமே” என்றார் படுத்தபடியே.

“அங்க ஒரே டிராபிக்குங்க.”

“நம்ம ஊர்லயா?” என்று சிரித்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சரி, உன் இஷ்டம்” என்றார். இளஞ்செழியன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் நௌஷாத் வந்தான். உள்ளே வரப் பயந்து வேப்பமரத்தடியில் நின்றவனை அவர்தான் கட்டிலிலிருந்தே கூப்பிட்டார்.

“வாடா. என் ஃப்ளெக்ஸ் எங்க?”

நௌஷாத் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

“ஏண்டா, அந்தக் குரூப்புல நானும்தானே இருக்கேன்? எல்லாத்தையும் ஆஸ்பத்திரியிலயே படிச்சுட்டேன். எல்லாரும் என்னைத் தெய்வம்னு எழுதியிருக்கீங்க. துபாய்லேருந்து ஃபஹத் ஒருத்தன்தான், சாரு கொட்டுன கொட்டு இன்னும் வலிக்குதுன்னு எழுதியிருக்கான். அவன்தாண்டா என் மாணவன்.”

நௌஷாத் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவர் விடவில்லை. கடையிலிருந்து ஃப்ளெக்ஸைக் கொண்டுவரச் சொல்லி, கட்டிலுக்குக் கீழே விரிக்கவைத்துப் பார்த்தார். பணி ஓய்வு விழாவில் மாலையோடு எடுத்த படம். நல்ல தடிமனான ஃப்ளெக்ஸ்.

“இதையே பத்திரமா வச்சுக்க. இன்னொண்ணு அடிக்காதே. நான் போற அன்னைக்குத் தேதியை மட்டும் மேல ஒட்டிக்க. காரியம் முடிஞ்சதும் இளஞ்செழியன்கிட்ட குடுத்துரு, நெல்லு மூட ஆகும்.”

அவன் போன பிறகு நான் சண்டைக்குப் போனேன். செத்துக்கொண்டிருக்கிற மனிதரோடு சண்டை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ அவ்வளவு பாடுபட்டு மறைக்கிறே. ஆத்தங்கரையெல்லாம் சுத்த வைக்கிறே. அதைக் கெடுக்க மனசு வரலை, ஈஸ்வரி.”

அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு இருந்த கொஞ்ச நாளும் நாங்கள் ஒன்றையும் மறைக்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேருமாகக் காப்பி குடித்தோம். அவரால் ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. மீதியை நான் குடித்தேன்.

தை முடிவதற்குள் போய்விட்டார். அதே ஃப்ளெக்ஸ்தான் பஸ் ஸ்டாண்டில் ஏறியது, பழைய தேதிமேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி. காரியம் முடிந்ததும் இளஞ்செழியன் வந்து சுருட்டி எடுத்துப் போனான். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் திடீரென்று வானம் இருண்டதும் எனக்குத் தார்ச்சாலை ஞாபகம்தான் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஃப்ளெக்ஸில் இருக்கிற அந்த முகத்தில் மழை அடிக்கும், காற்று அதைப் புரட்டும், என்னால் தாங்க முடியாது. நானாவது குடை பிடிக்கிறேன் என்று ஓடினேன். கிறுக்குத்தனம்தான். எனக்கே தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே இளஞ்செழியன் தன் நெல்லைக் குவித்து மூடிவிட்டு, ஓரங்களில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தான். மேலே வெறும் வெள்ளையாக இருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“சாரு எங்கடா?”

“உள்பக்கமா இருக்காரும்மா. மொகத்துல மழைத்தண்ணி படக் கூடாதுன்னு திருப்பிப் போட்டுருக்கேன்.”

குடையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு செங்கல்லை நகர்த்தி, ஃப்ளெக்ஸுக்கும் நெல்லுக்கும் நடுவில் கையை விட்டேன். நெல் நனையவில்லை. காலை வெயிலின் சூடு அதில் இன்னும் இருந்தது. இளஞ்செழியன் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. குடையை எடுத்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் கையை வெளியே எடுக்க மனசு வரவில்லை.