பெற்றிசியாவின் பேய்

பேசாலையில் பெற்றிசியாவின் வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறைகளிலும் ஒரு வெளிநாட்டு மிஷனரிக் குடும்பம் குடியிருந்தது. வெளிநாடு என்றதும் வெள்ளைக்காரன், தொப்பி, நீலக்கண் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பதினெட்டு மைல் கடலைத் தாண்டினால் வருகிற இந்தியாதான். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். ஜெபதுரை, அவர் மனைவி எப்சிபா, இரண்டு பெண்பிள்ளைகள். மாதத்தில் இரண்டு தரம் ஜெபதுரை பேசாலையில் பஸ் ஏறித் தலைமன்னார் கரைக்குப் போவார். அங்கே முழங்கால் தண்ணீரில் நின்றால் அவருடைய போனுக்கு இந்தியச் சிக்னல் கிடைக்கும். அம்மாவோடு ஆற அமரப் பேசிவிட்டு வந்து, “கடல் கடந்த தூர தேசத்திலிருந்து உங்கள் ஊழியன்” என்று, தன்னை அனுப்பிய ஊர்க் கமிட்டியின் ஜெபப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்.

வந்த முதல் நாளே பெற்றிசியாவின் புருஷன் யாகப்பரிடம், “உங்களுக்கு இயேசுவைத் தெரியுமா?” என்று கேட்டவர் அவர். நானூறு வருடமாகக் கத்தோலிக்க வேதத்தில் இருக்கிற ஊர். யாகப்பர் பொத்திக்கொண்டிருந்த மீன்வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“தெரியாமல் என்ன தம்பி? எங்கடை தொழில்காரரோடைதானே திரிஞ்சவர்.”

மூன்று வருடத்தில் ஒருவரும் மனந்திரும்பவில்லை. திரும்பியது எப்சிபாவின் பிள்ளைகள்தான். ஆமா என்பதை விட்டு ஓம் என்று சொல்லப் பழகி, அதற்காகத் தகப்பனிடம் குட்டு வாங்கினார்கள். காலையில் கஞ்சிரா தட்டிப் பாட்டு, பிறகு சைக்கிளில் துண்டுப்பிரசுரம், மத்தியானம் சாப்பாடு. எப்சிபா பாவம், சாம்பார் வைப்பாள். ஜெபதுரை அதைத் தள்ளிவிட்டு, பெற்றிசியா கொடுத்தனுப்பும் பாரைமீன் குழம்பில் மூன்று தரம் சோறு போட்டுப் பிசைவார். பெற்றிசியாவும் மனம் குளிர்ந்து, தன் மகள் டிலோஜினிக்கு வைத்த துண்டையும் எடுத்துக் கொடுப்பாள். அப்பாவிப் பேய்ச்சி! அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது.

டிலோஜினிக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை றெனால்ட், பக்கத்து ஊரான ஓலைத்தொடுவாய்ப் பொடியன். சண்டைக்குள் தாயோடு இந்தியாவுக்கு ஓடி, மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, எட்டு மாதம் முன்புதான் ஊர் திரும்பியவன். கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறும் வாசித்து, தடை இருக்கிறதா என்று பங்குச் சுவாமி கேட்டு, ஒருவரும் வாய் திறக்காவிட்டால் கலியாணம் நிச்சயம்.

அந்த வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தாய் கிறேஸ் வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கையில் மடித்த பத்திரிகை ஒன்று.

“இது நீங்கள்தானே?”

பெற்றிசியாதான். தலை அவிழ்ந்து, கண் பிதுங்கி, வாய் பிளந்து, கையில் தடியோடு நிற்கிறாள். கீழே அச்சில் இருந்தது: “பேசாலை பெற்றிசியா. விதவை. குடிக்கு அடிமை. ஏழு பிசாசுகளின் பிடியில் இருக்கிறாள். ஊழியரைக் கோலெடுத்து அடிக்கிறாள். வெள்ளிதோறும் உபவாசித்து ஜெபிக்கவும்.”

“முகாமிலை ஜெபக் கூட்டத்துக்குப் போனனான். ரெண்டு வருசம் இந்தப் பேய்க்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு நேரச் சாப்பாட்டோடை ஒருசந்தி இருந்தனான்” என்றாள் கிறேஸ். “பேசாலையிலை இருவது பெற்றிசியா. உங்களுக்குப் புருசன் வேறை இருக்கிறார். நீங்கள்தான் எண்டு நான் கண்டனானே? இண்டைக்குக் கூறைச் சீலை எடுக்கப் பெட்டியைக் கிளறேக்கைதான் இது கிடைச்சது. பேய் பிடிச்ச வீட்டிலை நான் பொம்பிளை எடுக்கேலாது. ஞாயிற்றுக்கிழமை சுவாமி கேக்கேக்கை எழும்பிச் சொல்லுவன்.”

அவள் போய்விட்டாள். டிலோஜினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். யாகப்பர் பத்திரிகையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்து, “என்னைச் சாக்காட்டிப்போட்டானே!” என்றார். அவருக்கு அவருடைய கவலை.

பெற்றிசியாவுக்கு அந்தப் படம் எடுத்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. காயப்போட்ட கருவாட்டைக் காகக் கூட்டம் அள்ளிக்கொண்டு போக, தடியோடு துரத்தினாள். பின்கதவில் ஜெபதுரை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு வந்திருந்தாள். யாகப்பரின் கையிலிருந்து பத்திரிகையைப் பிடுங்கிக்கொண்டு பின்அறைக்கு நடந்தாள்.

ஜெபதுரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய குழம்புதான். பத்திரிகையைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது ஆர் தம்பி?”

வாய்க்குப் போன கை நின்றது. “யக்கா... நீங்கதான்.”

“நான் எப்ப குடிச்சனான்?”

“நீங்க எங்கக்கா குடிச்சிய...”

“அப்ப பேய் எப்ப பிடிச்சது?”

“கோவப்படாதிய. பேயே இல்லாத ஊருக்கு எதுக்குவே ஊழியக்காரன்னு கமிட்டியில கேக்காவ. நான் என்னக்கா எழுத?”

“பேய் வேணுமெண்டால் உங்கடை படத்தைப் போட்டிருக்கலாமே! ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாங்கோ. ஓலை வாசிச்ச உடனை எழும்பி நிண்டு உள்ளதைச் சொல்லுங்கோ.”

“செலையும் சுரூபமும் வச்ச கோயிலுக்குள்ள நான் எப்படிக்கா காலெடுத்து வைப்பேன்? தெரிஞ்சா ஊழியத்தவிட்டே எடுத்துருவாங்க.”

“நான் வைச்ச மீன்குழம்பு மட்டும் வேதத்துக்கு ஒத்துவருதோ?” என்று கேட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அழுதாள். தனக்காக அல்ல, மகளுக்காக அழுதாள். எப்சிபா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. சுவாமி ஓலையை வாசித்துத் தடை கேட்டார். முன்வரிசை வாங்கிலிருந்த கிறேஸ் பத்திரிகையோடு எழும்பப் போனாள். அதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. முக்காடு போட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு எப்சிபா நின்றாள்.

“சாமி, அந்த அக்காவுக்குப் பேயெல்லாம் இல்ல. காக்கா வெரட்டுனாங்க. பேய்னு எழுதுனது எங்க வீட்டுக்காரர். அவுக பொய் சொல்லுதாக. மூணு வருசமா அந்த அக்கா போட்ட மீனத்தான் திங்கோம்.”

“ஓம்” என்றாள் சின்னவள், கேட்காமலே.

கோயில் கொல்லென்று சிரித்தது. சுவாமி முகம் துடைக்கிற லேஞ்சியால் வாயைப் பொத்தினார். கிறேஸ் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாள். கலியாணம் சிறப்பாக நடந்தது. எப்சிபா பந்தியில் பரிமாறினாள். ஜெபதுரை வாசலுக்கு வெளியே நின்று போனில் படம் எடுத்தார்.

அன்றிலிருந்து பத்திரிகைத் தபால் முதலில் பெற்றிசியாவின் கைக்குத்தான் வரும். அவள் வாசித்த பிறகுதான் பின்அறைக்குப் போகும். இரண்டு மாதம் கழித்து வந்த இதழில் கலியாணப் படம் இருந்தது. “ஜெபம் கேட்கப்பட்டது! ஊழியரின் மனைவி விக்கிரகக் கோட்டைக்குள் துணிந்து புகுந்து சாட்சி கொடுத்தாள். அந்நேரமே ஏழு பிசாசுகளும் ஓடின. பெற்றிசியா புத்தி தெளிந்தாள். கடலில் மாண்டதாக நினைத்த அவள் கணவரும் கரை திரும்பினார்.”

பெற்றிசியா விளக்குமாற்றைத் தேடினாள். தேடிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தைக் கண்டதும் விளக்குமாற்றை மறந்தாள். பத்திரிகையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓலைத்தொடுவாய்க்கு ஓட்டோ பிடித்தாள்.

மீளக்குடியேறியவர்களுக்குக் கொடுத்த தகரக் கொட்டிலின் முன்னால் கிறேஸ் மா இடித்துக்கொண்டிருந்தாள். பெற்றிசியா பக்கத்தை விரித்துக் காட்டினாள். கலியாணப் பந்தியில், சோற்றைக் கருக்கிய சமையல்காரனை ஏசுகிற கிறேஸ். கண் பிதுங்கி, வாய் பிளந்து, கையில் அகப்பையோடு நிற்கிறாள். “ஓலைத்தொடுவாய் கிறேஸ். விதவை. பெற்றிசியாவை விட்ட ஏழும் இவளுக்குள் புகுந்தன. உபவாசித்து ஜெபிக்கவும்.”

கிறேஸ் உலக்கையோடு அப்படியே நின்றாள்.

“கவலைப்படாதேங்கோ சம்பந்தியம்மா” என்றாள் பெற்றிசியா, அவள் தோளைத் தடவி. “வாற வெள்ளிக்கிழமையிலையிருந்து நான் ஒருசந்தி இருக்கிறன்.”